ஆழாக்கும் அரைக்காலும்: ஊரடங்கு நாள்களில் ஒரு கணக்குப் பாடம்

2020 பிப்ரவரியில் ஆறாம் வகுப்புக்குப் பின்னங்களைத் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். கரும்பலகையில் 1/4, 1/8 என்று எழுதி, எது பெரியது என்று கேட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "எட்டில் ஒன்று, டீச்சர்." ஏன் என்றேன். "எட்டுதானே பெருசு?" என்றாள். வகுப்பில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கணக்கு ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வட்டம் வரைந்தேன், காகிதத்தை மடித்துக் காட்டினேன், வழக்கம்போல் தோசையைப் பங்கிட்டேன். அன்று எல்லாருக்கும் புரிந்தது. இரண்டு நாள் கழித்துக் கேட்டால் மறுபடியும் எட்டில் ஒன்றுதான் பெரியது. தேர்வுக்கு முன் இன்னொரு முறை நடத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். மார்ச் 17 முதல் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. மாத இறுதி வரைதான் என்றார்கள். நாங்களும் நம்பி, சாக்பீஸ் பெட்டியை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தோம். 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடைப்பட்ட இருபது மாதங்களில் பின்னம் எப்படியோ என் மாணவர்களுக்குப் பிடிபட்டது. அது எப்படி என்பதையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் எழுதவே இந்தக் கட்டுரை.

முதல் மூன்று மாதங்கள் நான் செய்தவை எதுவும் பயன்படவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பள்ளி மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். 21 பேரில் எட்டு வீடுகளில்தான் ஸ்மார்ட்போன். அதுவும் காலையில் அப்பாவின் சட்டைப்பையில் ஏறி வெளியே போனால் இரவுதான் திரும்பும். பயிற்சித் தாள்களைப் படமெடுத்து அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு இரண்டு நீலக் கோடு விழும், விடை வராது. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வரத் தொடங்கியபின் கொஞ்சம் ஆறுதல். ஆனால் ஒளிபரப்பு நேரத்தில் மின்சாரமும் இருக்க வேண்டும், பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டும்.

என் வீட்டு நிலையும் பெருமையாகச் சொல்லும்படி இல்லை. "பிள்ளை படிக்க வீட்டில் ஓர் இடம் ஒதுக்குங்கள்" என்று பெற்றோரிடம் தொலைபேசியில் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டில் அந்த இடம் இல்லை. ஏழாம் வகுப்பு படித்த என் மகன் அரிசி டிரம் மீது போனைச் சாய்த்து வைத்து வகுப்பு கவனித்தான். அதே போனில்தான் என் மாணவர்களையும் நான் கூப்பிட வேண்டும். இருவருக்கும் சண்டை. கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அவர் பேசும்போது மிக்சி ஓடக்கூடாது. சர்க்கரை நோயுள்ள மாமியாரை வாசல் திண்ணைக்குக்கூட விடாமல் வைத்திருந்தோம். பொழுது போகாமல் அவர் பரணிலிருந்து பல்லாங்குழியை எடுத்துப் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்தார். 14 குழி, குழிக்கு ஐந்து. மொத்தம் எழுபது என்று எண்ணாமலே சொல்லிவிட்டு, என் மகனிடம் "எங்கே ஆரம்பிச்சா கடைசிக் காய் காலிக் குழிக்கு முன்னாடி விழும், சொல்லு பார்ப்போம்" என்றார். அவன் தோற்றுக்கொண்டே இருந்தான். வகுத்தலும் மீதியும் பற்றிய பாடம் ஒன்று வீட்டுக்குள் நடக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சத்தம் போடாமல் இருக்கிறார்கள் என்ற நிம்மதி மட்டும்தான்.

அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். குறித்த தேதியில் அணை திறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. டெல்டாவில் குறுவை வேலை மும்முரமானது. ஊரடங்கு என்றாலும் நடவு நிற்காது. அம்மாக்கள் காலையிலேயே வயலுக்குப் போனார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். மற்ற ஆண்டுகளில் பள்ளியில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

ஜூலையில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, எட்டில் ஒன்றுதான் பெரியது என்று சொன்ன அந்த மாணவியின் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பட்டன் போன். அவள்தான் எடுத்தாள். அனுப்பிய கணக்கைப் போட்டாயா என்று கேட்டேன்.

"சோறு வடிச்சிக்கிட்டு இருக்கேன் டீச்சர். அம்மா நடவுக்குப் போயிருக்கு."

எரிச்சல் வந்தது. போனை வைத்துவிடலாம் என்று நினைத்து, சும்மா ஒரு வார்த்தைக்கு, எவ்வளவு அரிசி போட்டாய் என்று கேட்டேன்.

"மூணு ஆழாக்கு. அப்பாயிக்குப் பல்லு இல்ல டீச்சர், அதுக்கு அரை ஆழாக்கு தனியாக் குழைய வைக்கணும்."

"படிக்கு எத்தனை ஆழாக்கு?"

"எட்டு."

"அப்படின்னா உங்களுக்கு வடிக்கிற மூணு ஆழாக்கு அரைப் படியா, கால் படியா?"

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ரெண்டும் இல்ல டீச்சர். கால் படின்னா ரெண்டு ஆழாக்கு, அரைப் படின்னா நாலு. இது நடுவுல."

பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது. "காலே அரைக்கால்னு சொல்லுடி."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எட்டில் மூன்று என்பது நான்கில் ஒன்றுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் நடுவில் இருக்கிறது என்பதை, பகுதிகளைச் சமமாக்காமல், குறுக்குப் பெருக்கல் போடாமல், கஞ்சி வடித்துக்கொண்டே சொல்கிறாள். பிப்ரவரியில் எட்டு பெரிதாக இருந்தது எண்ணாக இருந்ததால்தான். ஆழாக்காக இருக்கும்போது அவளுக்குக் குழப்பமே இல்லை. எட்டு ஆழாக்கு சேர்ந்தால்தான் ஒரு படி. ஆகவே ஓர் ஆழாக்கு என்பது சின்னது. இதைத் தினமும் கையால் செய்கிறவளிடம் தோசைப் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் பழைய முகத்தலளவை இந்தப் பாடத்துக்கென்றே செய்துவைத்தது போல இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொரு படிநிலையிலும் பாதி. உரி என்றால் அரைப் படி, உழக்கு என்றால் கால் படி, ஆழாக்கு என்றால் அரைக்கால் படி. அரைக்கால் என்ற சொல்லிலேயே காலில் பாதி என்ற விளக்கம் இருக்கிறது. 1/8 என்று எழுதினால் 8 கண்ணில் பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும். அரைக்கால் என்று சொன்னால் ஏமாற்ற வழியில்லை. அதிலும் பாதி மாகாணி, வீசம் என்றும் சொல்வார்கள், 1/16. அந்தக் கிழவி சொன்ன காலே அரைக்கால் என்பது 1/4 + 1/8. அவருடைய அரை ஆழாக்கையும் சேர்த்தால் காலே அரைக்காலே மாகாணி, அதாவது 7/16. வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களின் கூட்டல் என்று நாம் ஒரு வாரம் நடத்துவதை அந்தக் காலத்தில் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பயிற்சித் தாள் அனுப்புவதை நிறுத்தினேன். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நிமிடம் பேசுவது, ஒரே ஒரு வேலை சொல்வது, அதை நோட்டில் எழுதி வைக்கச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். முதல் வேலை: உன் வீட்டில் எதையெல்லாம் எதனால் அளக்கிறார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுது.

வந்த விடைகளை எழுதினால் இந்த இதழ் போதாது. மரக்கால், படி, ஆழாக்கு தவிர, பால்மாவு டப்பா ஒரு வீட்டில் படியாக இருந்தது. பூ முழக் கணக்கு; ஆனால் அக்காவின் முழமும் அம்மாவின் முழமும் ஒன்றில்லை என்று ஒருத்தி அளந்து நிரூபித்தாள். கோலமாவு கை கணக்கு. ஒரு மாணவன் நிலக் கணக்கை எழுதியிருந்தான்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அவன் தாத்தா, மா என்றாலே இருபதில் ஒன்று என்று பொருள் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர்கள் குத்தகைக்கு உழுவது இரண்டு மா. "வேலியில் பத்தில் ஒன்று" என்று பையன் எழுதி, பக்கத்தில் 2/20 = 1/10 என்று சுருக்கியும் காட்டியிருந்தான். சுருக்கு என்று நான் சொல்லவில்லை. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட் என்பதால் மூன்று மா ஓர் ஏக்கர் என்று நெருக்கமாகக் கொள்ளலாம் என்பதும் அவன் தாத்தாவின் பாடம்தான்.

அடுத்த வேலை தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, வீட்டு ஆழாக்கால் எத்தனை முறை ஊற்றினால் நிரம்புகிறது என்று எண்ணச் சொன்னேன். ஒரு வீட்டில் ஐந்துக்கு மேல், இன்னொரு வீட்டில் ஆறு நெருங்கியது. என் ஆழாக்குதான் சரி, உன்னுடையது தப்பு என்று போனிலேயே தகராறு. திட்ட அலகு ஏன் தேவை என்பதை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை. ஊருக்கு ஊர் படி மாறிக்கொண்டிருந்ததால்தான் 1956இல் எடை அளவைச் சட்டம் கொண்டுவந்து லிட்டருக்கும் கிலோகிராமுக்கும் மாறினோம் என்று சொன்னபோது, அது வரலாற்றுப் பாடத் தேதியாக அவர்களுக்குப் படவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்ப கடைக்காரருக்குச் சின்னப் படி, நெல்லு வாங்குறவருக்குப் பெரிய படின்னு வச்சிருந்திருப்பாங்களே டீச்சர்" என்றான். வச்சிருந்தார்கள்தான் என்றேன்.

இனி அந்தப் பிழை.

இது நன்றாகப் போகிறது என்ற மகிழ்ச்சியில், அடுத்த பதினைந்து நாளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் வீட்டில் எத்தனை ஆழாக்கு அரிசி வடிக்கிறார்கள் என்று எழுதி, அதைப் படியின் பின்னமாக மாற்றி, கடைசியில் கூட்ட வேண்டும். அட்டவணை, பின்னக் கூட்டல், சராசரி எல்லாம் ஒரே செயல்பாட்டில் வந்துவிடும். எனக்கு அது மிக அழகான திட்டமாகத் தோன்றியது.

பாடநூல் வழங்கப் பெற்றோரை வரச் சொன்ன நாளில் நோட்டுகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முகக்கவசத்தோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நோட்டுகளை வாங்கிப்போய்ப் படித்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பதினைந்து நாளும் ஒரே விடை எழுதியிருந்தான். 4 ஆழாக்கு, 1/2 படி. 4 ஆழாக்கு, 1/2 படி. ஒரே பேனா, ஒரே சாய்வு. உட்கார்ந்த இடத்தில் பதினைந்தையும் எழுதியது தெரிந்தது. சிவப்பு மையால், "பார்த்து எழுதாதே. உண்மையாக அளந்து எழுது" என்று எழுதினேன்.

அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் கழித்து அவர்கள் தெருவுக்குப் போனேன். அவன் அம்மா வாசலிலேயே நின்று பேசினார். நோட்டைப் பிரித்துப் பார்த்தவர், அந்தச் சிவப்பு வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

"நாலுன்னு எழுதச் சொன்னது நான்தான் டீச்சர். அவங்க அப்பா திருப்பூர்ல மாட்டிக்கிட்டாரு, பனியன் கம்பெனி திறக்கல. ரேசன் அரிசிய வச்சு ரெண்டு ஆழாக்குதான் போடுறேன். அத நோட்டுல எழுதி ஊருக்குக் காட்டணுமா?"

பையன் உள்ளே கதவோரம் நின்றிருந்தான். என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மன்னியுங்கள் என்று சொன்னேனா, ஏதோ சமாளித்தேனா என்பதுகூடத் தெரியவில்லை. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி என் சிவப்பு வரியை அடித்துவிட்டு, கீழே "கூட்டல் சரி" என்று எழுதியது மட்டும் நினைவிருக்கிறது. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. பதினைந்து அரைகள், ஏழரைப் படி.

வீட்டைப் பாடமாக்கலாம் என்று பயிற்சிகளில் அடிக்கடி கேட்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒன்று. சீருடை இருக்கிறது, சத்துணவு இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும் கேள்வி அந்த மூடுதலை விலக்கிவிடுகிறது. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சமைத்தீர்கள், அப்பா என்ன வாங்கி வந்தார், விடுமுறையில் எங்கே போனாய் என்பவை நமக்குக் கட்டுரைத் தலைப்புகள். சில பிள்ளைகளுக்கு அவை விசாரணை. பொய் எழுத வைத்துவிட்டு, பொய் எழுதினாய் என்று சிவப்பு மையால் அடிக்கோடிட்டதுதான் நான் செய்தது. அதன்பின் எவ்வளவு என்று கேட்பதை விட்டேன். எப்படி அளப்பார்கள் என்று மட்டும் கேட்டேன். எதை அளப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும்: தண்ணீரோ, கோழித் தீவனமோ, மணலோ. அளக்கும் பொருளை மாற்றினாலும் பின்னம் மாறப்போவதில்லை.

அன்று அந்த வாசலில் இன்னொன்றும் தெரிந்தது. சத்துணவுக்குப் பதிலாக மாணவர்களுக்கு அரிசி, பருப்பு வழங்கினோமே, அதை அவர்கள் வந்து வாங்கவே இல்லை. தேதியை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தோம். அந்த வீட்டில் வாட்ஸ்அப் இல்லை. தலைமையாசிரியரிடம் சொன்னேன். சத்துணவு அமைப்பாளரும் நானும் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, வாங்காத ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டன் போனுக்குக் கூப்பிட்டோம். அந்தப் பையனும் தங்கையும் பையோடு வந்து வாங்கிப் போனார்கள். ஆறு முதல் எட்டு வகுப்புக்கு நாளொன்றுக்கு 150 கிராம் அரிசி, தொடக்க வகுப்புக்கு 100 கிராம் என்ற கணக்கை அவனிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் அவனாகவே போனில் சொன்னான்: "எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து நாலு நாளைக்கு ஒரு கிலோ டீச்சர். சரியாத்தான் கொடுத்தாங்க." அளந்து பார்த்திருக்கிறான்.

ஆகஸ்டுக்குப் பிறகு செய்த இன்னொரு செயல்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டம் போட்ட நோட்டில் ஒரு வரிசையில் 24 கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு மணி நேரம். தூக்கத்துக்குக் கறுப்பு, படிப்புக்கு நீலம், விளையாட்டுக்குப் பச்சை, வீட்டு வேலைக்குச் சிவப்பு. வண்ணப் பென்சில் இல்லாதவர்கள் கோடு, புள்ளி, பெருக்கல் குறி போடலாம். பிறகு ஒவ்வொன்றும் நாளில் எத்தனை பங்கு என்று எழுதிச் சுருக்க வேண்டும். தூக்கம் 8 கட்டம் என்றால் 8/24, அதாவது 1/3. இதிலும் வீடு வருகிறது என்பதால், விரும்பினால் காட்டலாம், இல்லாவிட்டால் விடையை மட்டும் சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

முதலில் என் வீட்டில் சோதித்தேன். மகன் தன்னுடையதை முடித்துவிட்டு எனக்கும் ஒரு வரிசை போட்டான். போட்டுவிட்டு, "அம்மா, உனக்குப் பச்சையே இல்லையே" என்றான். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வரிசையை இன்று வேண்டாம், நாளைக்குப் போடலாம் என்றார். மறுநாள் காலைக் காப்பியும் பாத்திரமும் அவர் கணக்கில் சேர்ந்தன. ஊரடங்கு தளர்ந்ததும் பாத்திரம் திரும்பி என்னிடம் வந்துவிட்டது; காப்பி இன்றும் அவர்தான்.

பள்ளிப் பிள்ளைகளின் வரிசைகளில், காட்டியவர்கள் வரையில், பையன்களுக்குப் பச்சை அதிகம், பெண்களுக்குச் சிவப்பு அதிகம். இதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது, பிள்ளைகள் அதை எண்ணாகப் பார்த்தபோது காட்டிய வியப்பு. சோறு வடித்த அந்த மாணவியின் சிவப்புக் கட்டங்கள் ஒன்பது. சமையல், பாத்திரம், குழாயில் தண்ணீர், இரண்டு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்வது. 9/24ஐச் சுருக்கச் சொன்னேன். மூன்றால் வகுத்து 3/8 என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் காலே அரைக்கால்தான் டீச்சர்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வாய்ப்பாடு மறக்கும், மறுபடி சொல்லிக்கொடுக்கலாம். ஒரு நாளில் காலே அரைக்கால் வேலையில் போகிறது என்றால், பள்ளி திறக்கும்போது அந்தக் கட்டங்களை யார் எடுத்துக்கொள்வார்கள்? அம்மாவா, கிழவியா? யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவாள். எங்கள் பள்ளியில் எட்டு வரைதான். உயர்நிலைப் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும்.

2021 மே மாதம் இரண்டாம் அலை. 10ஆம் தேதி முதல் மறுபடி முழு ஊரடங்கு. முதல் அலையில் தொலைக்காட்சியில் பார்த்ததைப் பல ஊர்கள் அந்த மாதம் தெருவில் பார்த்தன. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தது. சுழற்சி முறையில் பாதிப் பேர். முகம் பாதி மறைந்து, உயரம் மாறி, சிலரை அடையாளமே தெரியவில்லை. அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. பழைய அளவை நோட்டை இன்னும் வைத்திருந்தாள். பின்னத்தை எங்கே விட்டோமோ அங்கே தொடங்கலாம் என்று, வழக்கமான கேள்வியாகக் கேட்டேன்: இப்போது எத்தனை ஆழாக்கு?

"மூணு."

"அப்பாயிக்கு?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள், "ஜூன்ல டீச்சர்." எதை எப்படிக் கேட்பது என்று இவ்வளவு யோசித்த பிறகும் இது நடந்தது. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் யாரையாவது பற்றிப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றேன். நான்கு பேர் பேசினார்கள். அவள் பேசவில்லை. பீரியட் முடியும்போது என் மேசைக்கு வந்து, "அதுதான் எனக்குக் காலே அரைக்கால் சொல்லிக்கொடுத்துச்சு" என்றாள். நானும் அந்தக் குரலைப் போனில் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் கொஞ்சம் சிரித்தது.

அவளுடைய ஒன்பது கட்டங்களைப் பற்றி அவள் அம்மாவிடம் பேச நான் அந்த நோட்டையே எடுத்துப் போனேன். படிக்க வையுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் சரி என்பார்கள். கட்டத்தைக் காட்டி, இது தங்கையைப் பார்த்துக்கொள்ளும் நான்கு மணி நேரம், அங்கன்வாடியில் சேர்த்தால் இது போகும். இது சமையல், இதை என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அம்மா படித்தவர் இல்லை, ஆனால் கணக்கு நன்றாகத் தெரிந்தவர். "தண்ணிய அவன் தூக்கட்டும்" என்று மகனைக் காட்டினார். ஐந்தாம் வகுப்பு படித்த அவன் முகம் வாடியது. மாலையில் இல்லம் தேடிக் கல்வி மையத்துக்கு அக்காவும் தம்பியும் போகத் தொடங்கினார்கள். அங்கே தன்னார்வலராக இருந்த பெண் அதே தெரு என்பதால் இருட்டுப் பயமும் இல்லை. 2022 ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். அம்மா விடியலிலேயே வடித்து வைத்துவிட்டு வயலுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்பினால் செலவு எதுவும் இல்லை. ஒரே அளவுள்ள டம்ளர் ஒன்று, எட்டு டம்ளர் கொள்ளும் பாத்திரம் ஒன்று, தண்ணீர் அல்லது மணல் போதும். அரிசி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். முதலில் ஊற்றட்டும், பிறகு அரை, கால், அரைக்கால் என்று வாயால் சொல்லட்டும். எண்ணில் எழுதுவது கடைசியில். நாம் பெரும்பாலும் எண்ணில் தொடங்கி டம்ளருக்கு வருகிறோம், அல்லது வராமலே விடுகிறோம். மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று நான் பட்டியலிட்டு வைத்திருந்தவர்களில் சிலர் மாகாணி வரை போனார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: ஆழாக்கைத் திட்ட அலகாக மனத்தில் பதியவிடக் கூடாது. பின்னம் பிடிபட்டதும் மில்லிலிட்டருக்கு மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேர்வில் ஒருவன் பாலை உழக்கில் எழுதிவைப்பான். எழுதியிருக்கிறான்.

தண்ணீர் தூக்க நேர்ந்த அந்தத் தம்பி இந்த ஆண்டு என் ஆறாம் வகுப்பில் இருக்கிறான். போன வாரம் கரும்பலகையில் 1/4, 1/8 என்று எழுதி, எது பெரியது என்று வழக்கம்போல் கேட்டேன். மற்றவர்கள் கையைத் தூக்க, அவன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான். உனக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும் டீச்சர். ஆனா எந்தப் படியில? எங்க வீட்டுப் படியா, பெரியம்மா வீட்டுப் படியா?"